தினமும் துவைக்க வேண்டிய துணி

துவையல் தவசை நாம் எல்லோரும் அறிவோம். அய்யாவின் சொல்லைக் கேட்டு 700 குடும்பத்தார் வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் கடற்கரையில் தங்கினார்கள். நாள்தோறும் மூன்று வேளை குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, ஒரு வேளை மட்டும் உண்டார்கள். ஒரு தடவை துவைத்ததோடு அழுக்குப் போயிற்று என்று யாரும் எழுந்து வரவில்லை. அதுவும் தனித்தனியாக அல்ல, கூடியிருந்து துவைத்தார்கள்.

குடியையும் கஞ்சாவையும் விடுவதும் இப்படித்தான். ஒருநாள் சத்தியம் போதாது. தினமும் துவைக்க வேண்டும், துணைக்கு ஆளும் வேண்டும்.

முதலில் உடம்பைப் பாருங்கள். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நாமம் இட்டால் போதும் என்று வீட்டிலே வைத்திருக்காதீர்கள். நாமமும் இடுங்கள், அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப் போங்கள்.

உடம்பு தேறி அவன் தாங்கலுக்கு வரும்போதுதான் நம் வேலை தொடங்குகிறது. அந்தி நேரம் பழைய கூட்டாளிகள் கூப்பிடும் நேரம். அந்நேரம் அவனைக் கையோடு உகப்படிப்புக்குக் கூட்டி வாருங்கள். முற்றம் பெருக்க, தண்ணீர் கோர, உம்பான் சோறு பரிமாற ஒரு பணிவிடை கொடுங்கள். காணிக்கைக் கணக்கை உடனே கொடுக்க வேண்டாம். அது அவனுக்குச் சோதனை. கூலிப் பணமும் கொஞ்ச காலம் வீட்டுப் பெண்களின் கையில் இருக்கட்டும்.

"எத்தனை நாளைக்கோ பார்ப்போம்" என்று அவன் காதுபடப் பேசாதீர்கள். அந்த ஒரு சொல் அவனைத் திரும்பக் கடைக்கே அனுப்பிவிடும்.

திரும்பி வந்த மகனே, உனக்கும் ஒன்று சொல்கிறேன். மனைவி சந்தேகப்பட்டால் கோபப்படாதே. அவள் பட்ட பாடு ஒரு மாதத்தில் மறக்கக் கூடியதல்ல. வாங்கிய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. மன்னிப்பைக் கேட்டு வாங்கலாம். நம்பிக்கையை நடந்துகாட்டித்தான் வாங்க வேண்டும். இடையில் ஒருநாள் தவறிவிட்டால் ஒளிந்து கொள்ளாதே. மறுநாளே வா. அழுக்குப்பட்ட துணியை யாரும் எறிவதில்லை, திரும்பத் துவைப்பார்கள்.

பள்ளியறைக் கண்ணாடி நம் முகத்தையும் காட்டுகிறது, தலைப்பாகை கட்டி நிற்கும் அவன் முகத்தையும் காட்டுகிறது. அவனுக்குள் அய்யா இல்லை என்று சொல்ல நாம் யார்?

பொறுமையாய் இருப்போம். அய்யா உண்டு.