ஏட்டில் துடிக்கும் இதயம்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் மொழி. எழுத்தில் உள்ளதை மெய்யென்று மயங்குவோர்க்கு அஃது ஓர் எச்சரிக்கை. ஆயினும், இன்றைய அறிவியல் உலகம் ஏட்டுச் சுரைக்காயைப் பெரிதும் நம்பி வாழ்கின்றது. பாலத்தைக் கட்டுமுன் அதனைக் கணக்கில் கட்டிப் பார்க்கின்றனர். மழை பொழியுமுன் கணினியில் அதனைப் பொழிவித்துப் பார்க்கின்றனர். மனித இதயத்தின் உயிரணுவையும் இவ்வாறே எண்களால் ஆக்கிக் கணினிக்குள் துடிக்கச் செய்துள்ளனர். அவ்வாறு துடிக்கும் இதயம் மெய்தானா? அதன் சொல்லை நம்பி ஓர் உயிரின்மீது கைவைக்க நமக்கு உரிமை உண்டா? இவ்வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. அறம் நாடுவோர் அனைவர்க்கும் உரியது.

முதற்கண் இதயத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் இவ்வுறுப்புக்கு விடுமுறை என்பதே இல்லை. அதன் தசை சுருங்கி விரிவதற்கான ஆற்றலை ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள் வழங்குகின்றது. கையிருப்பில் உள்ள ஏ.டி.பி. சில நொடிகளுக்கே போதுமானது. ஆதலின், செலவானதை உடனுக்குடன் புதுப்பித்தாக வேண்டும். ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள இதயம், ஒரு நாளில் 6 கிலோகிராம் அளவுக்கு ஏ.டி.பி.யை ஆக்கியும் செலவிட்டும் வருகின்றது என்று கணக்கிட்டுள்ளனர். இப்பணியின் பெரும்பகுதியைச் செய்பவை இழைமணிகள் எனப்படும் மைட்டோகாண்ட்ரியாக்கள். இதயத் தசையணுவின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இவையே நிரப்புகின்றன.

இவை ஆற்றலை ஆக்கும் முறையை 1961ஆம் ஆண்டில் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேய அறிஞர் விளக்கினார். உணவுச் சத்தினின்று பெறும் ஆற்றலால் ஹைட்ரஜன் அயனிகள் ஒரு சவ்வின் மறுபுறம் தேக்கப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் பாய்ந்து சுழலியை இயக்குவதுபோல, அவ்வயனிகள் திரும்பப் பாய்கையில் ஏ.டி.பி. உருவாகின்றது. பல்லாண்டுகள் பலராலும் ஐயுறப்பட்ட இக்கருத்துக்காக 1978இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இங்கே ஒரு புதிர் எழுகின்றது. நாம் படியேறும்போது இதயத்தின் உழைப்பு மிகுகின்றது, ஏ.டி.பி.யின் செலவும் மிகுகின்றது. ஆயினும், அணுவிலுள்ள ஏ.டி.பி.யின் அளவு பெரிதும் குறைவதில்லை. பந்திக்கு வந்தோர் மும்மடங்கானபோதும் பானையில் சோற்றின் மட்டம் இறங்காதிருப்பது போன்றது இது. தேவை மிகுந்ததை இழைமணிகள் எவ்வாறு அறிகின்றன? தசையைச் சுருங்கத் தூண்டும் கால்சியமே இழைமணிக்குள்ளும் புகுந்து ஆக்கத்தை விரைவுபடுத்துகின்றது என்பர் ஒரு சாரார். ஏ.டி.பி. செலவாகும்போது விடுபடும் பாஸ்பேட்டே தூது செல்கின்றது என்பர் மற்றொரு சாரார். துடிக்கும் இதயத்தினுள் இவை யாவற்றையும் ஒருங்கே கண்டறிதல் அரிது. எனவேதான் கணினியின் துணையை நாடினர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதய இழைமணியின் ஆற்றலாக்கத்தையும் கால்சியத்தின் போக்கையும் இணைத்து ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். வேறு அடிப்படைகளில் வேறு மாதிரிகளும் எழுந்தன. வெவ்வேறு விளக்கங்களின்மேல் எழுந்த மாதிரிகள், சோதனையில் கண்ட அதே நிலைத்தன்மையைத் தத்தம் வழியில் காட்டுகின்றன என்பதே நாம் கருதத் தக்கது.

கணக்கு ஏடு திருத்தும் ஆசிரியர் எவரும் இந்நிலையை அறிவர். விடை சரியாக இருக்கும். வழி தவறாக இருக்கும். விடையை மட்டும் நோக்கி மதிப்பெண் வழங்கலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. அறிவியல் வரலாறும் இதனையே உரைக்கின்றது. 1960ஆம் ஆண்டில் டெனிஸ் நோபிள் என்னும் இளம் ஆய்வாளர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் கணினியில் இரவின் பின்யாமத்தில் கிடைத்த நேரத்தைக் கொண்டு, இதய அணுவின் மின்துடிப்பை முதன்முதலாகக் கணக்கிட்டுக் காட்டினார். அதன் வடிவம் மெய்த் துடிப்பை ஒத்திருந்தது. ஆனால், அம்மாதிரியில் கால்சியத்தின் மின்னோட்டம் இடம்பெறவே இல்லை. இதய அணுவில் அவ்வோட்டம் உண்டென்பது பின்னரே தெளிவாயிற்று. நோபிள் தம் பழைய மாதிரியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அதனைத் திருத்தினார், 1985இல் இத்தாலிய அறிஞர் டிபிரான்செஸ்கோவுடன் இணைந்து புதியதொரு மாதிரியை வெளியிட்டார். பொருந்துவது வேறு, உண்மையாவது வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

வேறுபாட்டை மறந்தால் விளையும் கேடு யாது? மாரடைப்புற்றோரிடம் காணப்பெறும் ஒழுங்கற்ற துடிப்புகளை மருந்தால் அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று ஒரு காலத்தில் மருத்துவர் பலர் கருதினர். எண்ணத்தில் வரைந்த அம்மாதிரி செம்மையாகவே தோன்றிற்று. அமெரிக்காவில் அதனை முறைப்படி சோதித்தபோது, பிளெக்கைனைடு, என்கைனைடு என்னும் மருந்துகள் துடிப்பை ஒழுங்குபடுத்தின. ஆனால், அவற்றை உண்டோருள் இறந்தவர்கள், வெறும் மாத்திரை உண்டோருள் இறந்தவர்களைப்போல் இருமடங்கினும் மிகுதி. 1989இல் அம்மருந்துகளை அச்சோதனையில் வழங்குவது நிறுத்தப்பெற்றது. ஐயமுற்றுச் சோதித்தவர்களால் உயிர்கள் பல பிழைத்தன.

அப்படியாயின், மாதிரிகளை ஒதுக்கிவிடலாமா? அதுவும் அறமாகாது. ஏட்டில் பிழை செய்து பார்க்க இயலாதெனின், அப்பிழைகளை நோயாளியின் உடலிலன்றோ செய்து பார்க்க நேரும்! புதிய மருந்தொன்று இதயத்தின் தாளத்தைக் குலைக்குமா என்பதைக் கணினி மாதிரிகளின் துணையோடும் கணிக்கும் பன்னாட்டு முயற்சி 2013இல் தொடங்கியது. ஆய்வுக்கூடச் சோதனையோடு இணைந்து செல்லும் வரையில் இது போற்றத்தக்க முயற்சியே.

ஆகவே, குற்றம் ஏட்டுச் சுரைக்காயில் இல்லை; அதனைக் கறிக்கு அரிய முற்படுவதில்தான் உள்ளது. மாதிரியை ஆக்குவோன் தான் எவற்றை ஊகித்தான், எவற்றை விட்டுவிட்டான் என்பதை மறையாது உரைத்தல் வேண்டும். அதனைப் பயன்கொள்வோன், மெய் மறுக்குமிடத்து மாதிரியைக் கைவிடும் துணிவு உடையவனாதல் வேண்டும். இவ்விரண்டும் கணிதத்தால் வருவன அல்ல, ஒழுக்கத்தால் வருவன. நம் மாணவர் நாளைய கணினிகளை ஆளப் போகின்றவர்கள். விடையைக் கண்டு மகிழுமுன் வழியை வினவும் பழக்கத்தை அவர்களிடம் வளர்ப்பது நம் கடமையாகும்.