வைத்தியரை மாற்றுவது நன்றி மறத்தலா?

கோயில் மண்டபத்திலும் லாச்சப்பல் கடைத்தெருவிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அந்த டொக்டர் சரியில்லை. நான் போறதை விட்டிட்டன்." பிறகு யாரிடம் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் இராது. மறுபுறம், மனத்தாங்கல் இருந்தும் பல வருடங்களாக ஒரே வைத்தியரிடம் போய் வருபவர்களும் எம்மிடையே உள்ளனர். "நாங்கள் வந்த புதிதில பார்த்தவர். விட்டிட்டுப் போனால் என்ன நினைப்பார்?" என்பது அவர்கள் கூறும் நியாயம். விலகுவது நன்றி மறத்தலா? விலகாதிருப்பதுதான் நன்றியா? இது குறித்துச் சற்றுச் சிந்திப்போம்.

வைத்தியருக்கு உயர்ந்த இடம் கொடுத்தது எமது மரபு. ஊரில் பரியாரியாரைக் கைராசிக்காரர் என்போம். அவரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதையன்று என்று எண்ணுவோம். ஆனால் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' வேறொன்றைச் சொல்கிறது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று பராமரிப்பவர். இதில் நோயாளியே முதலில் எண்ணப்படுகிறார். அவர் மருந்தை வாங்கி விழுங்குபவர் மட்டுமல்லர்; மருத்துவத்தின் ஒரு கூறு. அவர் வாய் மூடியிருந்தால் நாலில் ஒன்று குறைந்துவிடுகிறது.

பிரான்சின் சட்டமும் இக்கருத்துக்கு நெருங்கியதே. 2002 மார்ச் 4ஆம் திகதிய சட்டம் நோயாளரின் உரிமைகளை வரையறுத்தது. தமது வைத்தியரைத் தாமே தெரிவு செய்வது இங்கு அடிப்படை உரிமை. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் பதிவு செய்யும் குடும்ப வைத்தியரை எப்பொழுதும் மாற்றலாம். காரணம் கூற வேண்டியதில்லை. புதியவரைப் பதிவு செய்தாலே போதும். பதிவே இல்லாமல் அலைந்தால்தான் நட்டம்: பொதுவாக 70 வீதம் திரும்பக் கிடைக்க வேண்டிய இடத்தில் 30 வீதமே கிடைக்கும். வைத்தியசாலையிலிருந்தும் நோயாளி தமது விருப்பப்படி வெளியேறலாம். அது உடல்நலத்துக்கு ஆபத்து என்று வைத்தியர் கருதினால், அதை அறிந்தே செல்வதாகக் கையொப்பம் கேட்பார்கள்.

ஆகவே விலகலாமா என்பதற்குச் சட்டம் பதில் தந்துவிட்டது. எப்படி விலக வேண்டும் என்பது எமது மனச்சாட்சிக்குரிய கேள்வி. அல்பேட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1915இல் பேர்லினில் பிறந்த யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் எம்மைப் போலவே பாரிஸ் நகருக்குத் தப்பி வந்தவர். 1970இல் அவர் எழுதிய நூல், ஓர் இடத்தில் அதிருப்தி கொண்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்கிறது: விலகுவது, அல்லது வாய் திறந்து சொல்வது. குறையை முதலில் உணர்பவர்கள் பேசாமல் போய்விட்டால் அவ்விடம் திருந்தாது. போக வழியில்லாதவர்களே அங்கு எஞ்சுவர். எம்மவரில் அவர்கள் யார்? முதியோர், மொழி தெரியாதோர், விசா இல்லாதோர்.

"பிரெஞ்சு தெரியாதவர் எப்படிச் சொல்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு ஒரு தாய் தனது உபாதையை எப்படிச் சொல்வாள்? மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டியதை எழுதிக் கொண்டு போங்கள். வைத்தியசாலையானால் நோயாளரின் முறைப்பாடுகளைக் கவனிக்கும் குழுவுக்குக் கடிதம் எழுதலாம். ஆனால் அவமதிக்கப்பட்டவரோ, ஆபத்தை உணர்ந்தவரோ பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்ற கடமை எதுவுமில்லை. முதலில் விலகட்டும், பின்னர் எழுதட்டும்.

கணக்கியலில் ஓர் எளிய விதி உண்டு. சென்ற ஆண்டின் இறுதி மீதியே இவ்வாண்டின் ஆரம்ப மீதி. வைத்தியரை மாற்றும்போதும் அப்படியே. உங்கள் மருத்துவக் கோவையின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்குண்டு. 8 நாட்களுக்குள் அதைத் தர வேண்டும். 5 ஆண்டுகளுக்கு முந்திய விபரங்களானால் 2 மாதங்களுக்குள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள், புதிய வைத்தியர் கிடைக்கும் முன்னர் பழையவரை விட்டு மருந்தில்லாமல் இருப்பது, கோபத்தைத் தமது உடம்பின் மீதே தீர்ப்பதாகும்.

நன்றி என்பது செய்த உதவிக்கு உரியது. அதை வாயாரச் சொல்லலாம். இரண்டு வரிக் கடிதமாகவும் எழுதலாம். அதற்கு வட்டியாக எமது உடம்பைக் கொடுக்க வேண்டியதில்லை. குறையைச் சொல்லி, கோவையைப் பெற்று, நன்றி கூறி விலகுபவர் நன்றி மறந்தவராகார். அவருக்குப் பின்னால் அந்தக் கதிரையில் அமரப்போகும் நோயாளிக்கும் அவர் ஓர் உதவி செய்தவராவார்.

அனைவருக்கும் தேக சுகம் கிட்ட விநாயகப் பெருமான் அருள்வாராக.