பாட்டியின் பாட்டும் பேரனின் பாட்டும்

திருவிழாத் திருப்பலி முடிந்ததும் பெரியவர்கள் நால்வர் நம்மிடம் வந்தனர். "சாமி, இது கோயிலா, கச்சேரி மேடையா?" என்று வினவினர். பாடகர் குழு இளைஞர்கள் கீபோர்டும் டிரம்ஸும் முழங்கப் பாடியதே அவர்தம் மனத்தாங்கலுக்குக் காரணம். நாமும் அவர்கள் பக்கமே சாய்ந்தோம். கீபோர்டு வாசித்த இளைஞனை அழைத்து, "இந்த இரைச்சலில் செபம் ஏது, தம்பி?" என்று கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறவில்லை.

சில வாரங்களுக்குப் பின், நோயுற்ற மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை வழங்கச் சென்றோம். அவர் அந்த இளைஞனின் பாட்டியார். வயது எண்பத்தைந்தைக் கடந்தவர். நினைவு மங்கி, பெற்ற மகளையே அடையாளம் காண இயலாத நிலை. நாம் சிறுவயதுமுதல் பாடி உருகிய தமிழ்ப் பாடல் ஒன்றைப் பாடினோம். அவர் முகத்தில் அசைவில்லை. அப்போது பேரன் கட்டிலருகே அமர்ந்து, 'தாந்தும் ஏர்கோ' என்னும் இலத்தீன் பாடலை மெல்லத் தொடங்கினான். மூதாட்டியின் உதடுகள் அசைந்தன; கைகள் தாமே குவிந்தன. "சின்ன வயசுல ஆச்சிதான் சொல்லிக்கொடுத்தாங்க, ஃபாதர்" என்றான்.

செபம் அறியாதவன் என்று நாம் எண்ணியவனே அந்த வீட்டின் செபத்தைக் காத்து வைத்திருந்தான். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அந்த மூதாட்டிக்கு இலத்தீன் தெரியாது. பொருள் புரியாத மொழி என்றுதான் நம் தலைமுறை அதனைக் கைவிட்டது. ஆயினும் அவருக்கு அப்பாட்டில் பொருள் இருந்தது. மாலைநேர நற்கருணை ஆசீர், தூபத்தின் மணம், அருகில் முழந்தாளிட்டிருந்த தாய் ஆகிய யாவும் சேர்ந்ததே அப்பொருள். பாட்டின் பொருள் அதன் சொல்லிலும் பண்ணிலும் மட்டும் உறைவதன்று. அதை நாம் முதன்முதல் கேட்ட நாளிலும், உடன்பாடிய மாந்தரிலும் உறைகின்றது. எனவேதான் ஒரு தலைமுறையை அழவைத்த பாட்டு அடுத்த தலைமுறைக்கு வெறும் ஓசையாகின்றது.

நாமோ நம் நினைவுகளுக்குப் 'புனிதம்' என்று பெயரிட்டுவிடுகிறோம். பழமை என நாம் போற்றும் ஆர்மோனியத்தையே எண்ணிப் பார்ப்போம். 1842-இல் பிரான்சு நாட்டில் காப்புரிமை பெற்ற கருவி அது. நம் இசை மரபுக்கு ஒவ்வாதது என்று அகில இந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கிவைத்தது. அத்தடை ஏறத்தாழ முப்பதாண்டுகள் நீடித்தது.

திருச்சபை வரலாறும் இத்தகையதே. புனித பத்தாம் பத்திநாதர் 1903-இல் கிரகோரியன் இசையைத் திருவழிபாட்டு இசையின் உயரிய முன்மாதிரியாகக் காட்டி, பியானோவையும் முரசு போன்ற பேரோசைக் கருவிகளையும் ஆலயத்தில் தடைசெய்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிரகோரியன் இசையின் சிறப்பிடத்தை உறுதிசெய்ததோடு, மறைபரப்பு நாட்டு மக்களின் இசை மரபுகளுக்கும் உரிய மதிப்பளிக்கப் பணித்தது. நம் கோயில்களில் மிருதங்கமும் தபேலாவும் ஒலிக்க வழி திறந்தது அவ்வாறே.

அப்படியாயின் எப்பாட்டும் ஏற்புடையதே என்பதா? அன்று. 387-இல் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்ற நாள்களில், ஆலயப் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் உகுத்ததாகப் புனித அகுஸ்தினார் எழுதுகிறார். மக்கள் கூடிப் பாடும் அவ்வழக்கம் அந்நகருக்கு அண்மையில்தான் வந்திருந்தது. அவரே, பாடப்படும் பொருளைவிடப் பாடலின் இனிமை தம்மை மிகுதியாக ஈர்க்கும்போது தாம் தவறிழைப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார். இந்த உரைகல் எல்லாத் தலைமுறைக்கும் பொது. மக்களை வாய்மூடச் செய்து தன் திறமையைக் காட்டும் டிரம்ஸ் இதில் தேறாது. இளமை நினைவில் இலயித்து இறைவனை மறக்கச் செய்யும் நம் ஆர்மோனியமும் தேறாது.

பெற்றோரை மதிக்கக் கட்டளையிடும் மறைநூலே, பிள்ளைகளைச் சினமூட்டாதிருக்குமாறு பெற்றோரையும் பணிக்கின்றது. இளையோர் முதியோரின் பாட்டொன்றையேனும் கற்கட்டும். முதியோர் இளையோரின் பாட்டொன்றையேனும் பொறுமையுடன் கேட்டுப் பழகட்டும். கடந்த ஞாயிறு மாலை நாமே பாடற்பயிற்சிக்குச் சென்று, அந்த இளைஞனிடம் மன்னிப்புக் கேட்டோம்; புதுப்பாட்டொன்றைக் கற்றுத்தரவும் வேண்டினோம். அதன் தாளம் இன்னும் நம் வசப்படவில்லை.

நாம் நினைவிழந்து கிடக்கும் நாளில், நம் பாட்டை நம் காதருகே எடுத்துப் பாட யார் இருப்பர்? இன்று நாம் கடிந்து விலக்கும் இப்பிள்ளைகளன்றி வேறெவர்?