வலிக்குது என்று சொல்வது அவிசுவாசமா?



மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, "இப்போ நோய் இல்லை" என்று டாக்டர் சொன்ன அடுத்த ஞாயிறே சபையில் சாட்சி சொன்னேன். "பூரண சுகம்" என்றேன். எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் பண்ணினார்கள். மைக்கைப் பிடித்திருந்த விரல்களில் அந்நேரமும் ஊசி குத்துகிற மாதிரி வலி. அதை மட்டும் சொல்லவில்லை.

மாதங்கள் போயும் வலி போகவில்லை. அக்குளில் நெருப்பு வைத்தாற்போல் எரியும். "சுகமான பிறகு என்ன வலி? விசுவாசம் குறைஞ்சிடுச்சா?" என்று ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து வீட்டிலும் வாய் திறக்கவில்லை.

பரிசோதனைக்குப் போன இடத்தில் ஓவியச் சிகிச்சை தருகிற ஒரு பெண், மனித உருவத்தைக் கோடாக மட்டும் வரைந்த தாளைக் கொடுத்து, "எங்கே, எப்படி வலிக்குதோ அப்படியே கலர் அடிங்கம்மா" என்றார். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். அக்குளில் சிவப்பை அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது. வாய் மறைத்ததைக் கை சொல்லிவிட்டது. அழுதேன்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். ஆபரேஷனில் அக்குள் பக்கத்து நரம்பு பாதிக்கப்படலாம், சில கீமோ மருந்துகள் விரல் நுனி நரம்புகளைக் கெடுக்கும், நோய் போன பின்னும் இந்த வலி தங்கலாம் என்று விளக்கி, நரம்பு வலிக்கு மருந்து எழுதினார். படம் வரைவது வலியை எடுத்துப்போடவில்லை. ஆனாலும் வரைகிற அரைமணி நேரம் மனசு வலியையே சுற்றுவதில்லை.

பிரான்ஸ் தேசத்து ஓவியர் ஹென்றி மத்தீஸுக்கு 1941-ல் வயிற்றுப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் நடந்தது. பின்பு நின்று வரைய பெலனில்லை. கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே வண்ணக் காகிதங்களைக் கத்தரியால் வெட்டிப் படங்கள் செய்தார். 1954-ல் மரிக்கும்வரை அவர் கை ஓயவில்லை. பெலவீனத்தை ஒத்துக்கொண்டதால்தான் அதற்கேற்ற வேலையைக் கண்டுகொண்டார்.

என்னை உறுத்துவது வேறொன்று. அதே சிகிச்சை பெற்ற ஒரு சகோதரி என் சாட்சியைக் கேட்டு, "அக்காவுக்கு வலியே இல்லை, என்கிட்டதான் ஏதோ குறை" என்று நினைத்து, ஒரு வருஷம் டாக்டரிடம்கூடச் சொல்லாமல் இருந்தாராம். நான் சொன்ன பாதி உண்மை அவரைத் தனிமையில் அடைத்துவிட்டது. நன்றி சொல்வதற்காக வலியை மறைக்கலாமா? யோபு புலம்பினான், அதினால் அவன் அவிசுவாசி ஆகிவிடவில்லையே!

பிரியமானவர்களே, ஒருவர் வலிக்குது என்றால் அவருடைய விசுவாசத்தை அளக்காதிருங்கள். "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். வேதனையோடிருக்கிறவர்களே, டாக்டரிடம் மறைக்காதீர்கள். புதிதாய் ஒரு வலி வந்தால் உடனே காட்டுங்கள்.

வருகிற ஞாயிறு மறுபடியும் சாட்சி சொல்லப்போகிறேன். பிழைத்திருக்கிறேன், ஸ்தோத்திரம். இன்னும் வலிக்கிறது, ஜெபியுங்கள். இரண்டும் உண்மை. ஆமென்.