உஸ்கானின் படிகள்

சென்னை வேப்பேரியில் உள்ள புனித மத்தியாஸ் ஆலயத்தில் ஓர் ஆர்மீனியரின் கல்லறை இருக்கிறது. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பது அவர் பெயர். ஈரானின் ஜுல்பாவைச் சேர்ந்தவர். மதராஸில் பெரும் வணிகராகி, 1751-இல் இங்கேயே காலமானார். அந்த ஆலயத்தின் கதை அவர் கட்டிய மாதா சிற்றாலயத்தில்தான் தொடங்குகிறது.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். அவர்கள் பக்கம் சாய மறுத்ததால் உஸ்கான் சொத்தை இழந்தார். 1749-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் பிரெஞ்சுக்காரருக்கு உதவியதாகக் கத்தோலிக்கக் குருக்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது. பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றவரின் ஆலயம் என்றும் பார்க்கவில்லை. 1752-இல், அவர் இறந்த மறு ஆண்டே, அது சீர்திருத்தச் சபை மிஷனரிகளின் கைக்குப் போனது. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இது அநியாயம்தான்.

ஆனால் அதே வேப்பேரியில்தான் ஜெர்மானிய மிஷனரி பப்ரீசியஸ் பல்லாண்டுகள் உழைத்து வேதாகமத்தைத் தமிழாக்கினார். ஜெர்மன் பக்திப் பாடல்களையும் தமிழில் தந்தார். அவர் தந்த பாடல்கள் இன்றும் ஞாயிறு ஆராதனைகளில் ஒலிக்கின்றன. ஒருவரிடமிருந்து பறித்த இடத்தில் இன்னொருவர் உண்மையாகவே ஜெபித்திருக்கிறார். முன்னதை மன்னிக்கவும் முடியவில்லை, பின்னதைப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. இந்த நகரத்தின் கிறிஸ்தவ ஜெப வரலாறு நெடுகிலும் இந்த இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. மதராஸ் கோட்டைக்குள் 1680-இல் எழுந்த புனித மேரி ஆலயத்துக்குக் குண்டு துளைக்காத கூரை போட்டார்கள். ஜெபிக்கப் போன இடத்திலும் பயம் கூடவே போயிருக்கிறது.

பரங்கிமலைக்குப் போனால் வேறொன்று தெரிகிறது. தோமா அப்போஸ்தலரின் நினைவைப் போற்றும் அந்த மலைக்கு முதியவர்கள் ஏறச் சிரமப்படுவதைக் கண்டு படிக்கட்டு அமைத்துக் கொடுத்தவர் உஸ்கான். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே. இரண்டின் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். பழைய பாலத்தின் இடத்தில் இன்று நிற்பது மறைமலை அடிகள் பாலம். படிகளில் இப்போதும் மக்கள் ஏறுகிறார்கள். சிலர் ஒவ்வொரு படியிலும் முழங்காலிட்டு.

ஆலயத்தைப் பூட்டலாம், பெயரை மாற்றலாம், வேறு சபைக்கு எழுதிக் கொடுக்கலாம். அடுத்தவர் ஏறி வருவதற்காகப் போட்ட படியை எந்த அரசாலும் எந்தச் சபையாலும் தனதாக்கிக்கொள்ள முடியவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று, இதே நகரத்தின் புனித ஜார்ஜ் பேராலயத்தில், பல பிரிவினர் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுபட்டார்கள். அதை நான், சபை பார்க்காமல் உஸ்கான் போட்ட படிகளின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனிய ஆலயம் இருக்கிறது. அங்கே ஜெபிக்க ஆர்மீனியர்கள்தான் இல்லை. அதனால் பரங்கிமலை ஏறுகிறவர்கள், எந்தச் சபையினராக இருந்தாலும், உஸ்கானுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.