நசிகேதன் கேட்ட முதல் வரம்



"ஏன்டா இதையெல்லாம் எழுதுற? நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா என்ன செய்யறது?" ஜார்ஜ்டவுனில் இந்தக் குரல் கேட்காத வீடு குறைவு. அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீங்க. வெள்ளைக்காரன் 1948-இல் போட்ட தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கு. 2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது மலேசிய தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அவர்கள் வழக்காடினார்கள். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டப்பிரிவே அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது.

கட உபநிடதத்து நசிகேதனும் சின்னப் பையன்தான். அப்பா பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானமா கொடுக்கிறார். பையனுக்கு மனசு கேட்கல. தன்னை யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று மூன்று தடவை கேட்டான். அப்பாவுக்குக் கோபம், எமனுக்கு என்றார். போனான். எமன் வீட்டில் மூன்று இரவு பட்டினி கிடந்தான். எமன் மூன்று வரம் தந்தபோது முதலில் என்ன கேட்டான் தெரியுமா? பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. அப்பா கோபம் தணிந்து, கவலை நீங்கி, தன்னைப் பழையபடி ஏற்கணும் என்றான். கேட்ட கேள்வியை அவன் வாபஸ் வாங்கல. அப்பாவையும் விடல.

நீங்களும் எழுதியதை அனுப்பும் முன் அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. எந்த வரி பயமுறுத்துதுன்னு கேளுங்க. பெரும்பாலும் அது கோபத்தில் நாம சேர்த்த வசையா இருக்கும். கீதை 17-ஆம் அத்தியாயம் சொல்லும் வாக்குத் தவத்தில் அதுக்கு இடமில்லை, அடிச்சிடுங்க. உண்மையான வரி நிற்கட்டும். கீழே உங்க பெயரையும் போடுங்க.