ஹவ்ளின் ஆழமும் கண்ணின் கணக்கும்



உளூச் செய்ய உட்காரும்போது ஹவ்ளின் தண்ணீரைக் கவனித்திருப்பீர்கள். நான்கடி ஆழம், மேலிருந்து பார்த்தால் மூன்றடி போலத்தான் தெரியும். சிறு பிள்ளைகளை அதன் அருகே தனியே விடாதீர்கள்.

ஏன் அப்படித் தெரிகிறது? ஒளி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தண்ணீரில் அது சுமார் 2.25 லட்சமாகக் குறைகிறது. வேகம் மாறுவதால், சாய்வாக வரும் ஒளி தண்ணீரின் மேற்பரப்பில் வளைகிறது. கண்ணோ, ஒளி நேராகவே வந்ததென்று எடுத்துக்கொள்கிறது. அதனால் ஹவ்ளின் தரை மேலே எழும்பித் தெரிகிறது.

பஸராவில் பிறந்து, 1040 வாக்கில் கெய்ரோவில் வஃபாத்தான இப்னுல் ஹைதம் இவற்றை ஆழமாக ஆராய்ந்தவர். அவருடைய ‘கிதாபுல் மனாளிர்’ ஏழு பாகங்கள் கொண்டது. ஒரு பாகம் பார்வையின் பிழைகளுக்கு, ஒரு பாகம் ஒளி வளைவதற்கு.

சகோதரர்களே! மூன்றடித் தண்ணீரிலேயே தவறும் கண், மனிதர்களை எடைபோடுவதில் தவறாதா? ஸலாம் கொடுத்ததும் எழுந்து ஓடும் ஒருவரைப் பற்றி நானே தவறாக எண்ணியிருந்தேன். படுக்கையில் கிடக்கும் தாயாருக்கு மருந்து கொடுக்க ஓடுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. “என் கண்ணால் பார்த்தேன்” என்று ஒருவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன், இந்த ஹவ்ளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நமக்குத் தெளிவான பார்வையையும், அவசரப்படாத நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.